வௌவால்கள் வெளியே வராத மறுநாள்

அன்றைக்கு வௌவால்கள் வெளியே வரவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் குன்றின் இடுப்பில் இருக்கும் குகை வாயிலிருந்து அவை புகை மாதிரிக் கிளம்பும், வானத்தை மறைத்துக்கொண்டு கடல் பக்கம் போகும், அதைப் பார்க்கத்தான் ஊர் உலகமே இந்தத் தீவுக்கு வருகிறது என்று ஓட்டல் கட்டுகிற இடத்தில் ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள். மணலில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. போனைத் தூக்கிப் பிடித்தவர்கள் கை வலித்து இறக்கினார்கள். கடல் கறுத்தது. குன்று கறுத்தது. வானம் வெறும் வானமாகவே கிடந்தது. யாரோ ஒருவர் எழுந்து பின்பக்கத்து மணலைத் தட்டிவிட்டு நடக்க, மற்றவர்களும் சினிமா நின்றுபோன கொட்டகையிலிருந்து கிளம்புகிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்கள்.

எல்லோரும் வானத்தைப் பார்த்தபோது ஒரே ஒரு ஆள் மட்டும் குகை வாயையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கிணத்தான் கவனித்தான். குன்றடியில் டார்ச் லைட் வாடகைக்கு விடும் அம்மா. இருட்டியதும் அவள் வாசலில் கிடந்த நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உள்ளே இழுத்துப்போட்டாள். கதவைச் சாத்தினாள். பிறகு உள்ளேயிருந்து எதையோ நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

கிணத்தான் என்பது வேலைக்காரர்கள் வைத்த பேர். கட்டட வேலைக்கு வருவதற்கு முன்னால் கிணறு வெட்டிக்கொண்டிருந்தவன். கூட வந்தவன் அவனுடைய தங்கச்சி புருஷன், டைல்ஸ் போடுகிறவன். கிணத்தான் கூப்பிட்டதைக் கேட்டு மொத்தக் கூட்டமும் அவனை மாப்பிள்ளை என்றே கூப்பிடப் பழகிவிட்டது. ஓட்டல் வேலை முடிந்து ஊருக்குப் போகும் கப்பலுக்கு இன்னும் சில நாள் இருந்தது. மற்றவர்கள் கொட்டகையில் சீட்டாடிக்கொண்டு கிடக்க, மாப்பிள்ளைக்கு மட்டும் கால் நிற்கவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறார்களே, நமக்கென்ன முதுகு இல்லையா, வேலைக்கு வந்த தீவை ஒரு தடவை மனுஷனாகவும் பார்த்துவிட்டுப் போவோம் என்று நச்சரித்தான். அப்படித்தான் இரண்டு பேரும் பையை முதுகில் மாட்டிக்கொண்டு கரையோரமாகவே நடந்து வந்தார்கள்.

கிணத்தானின் பையில் பாதி இடத்தைக் கயிறு அடைத்திருந்தது.

"ஊர் சுத்துறவன் பையில சோப்பு இருக்கும், சீப்பு இருக்கும். உங்க பையில கயிறு. எதுக்கு மச்சான், என்னைக் கட்டி இழுத்துட்டுப் போகவா?"

"தேவைப்பட்டா."

அது வெறும் விளையாட்டுப் பேச்சு இல்லை. கிளம்பும்போது நாலு மாத வயிற்றோடு வாசல்வரை வந்த தங்கச்சி, "அண்ணே, இவரு கண்ணுக்கு முன்னாடி காலை விடுற ஆளு. நீ கூட இருக்கேன்னுதான் அனுப்புறேன்" என்றாள். இவனை முழுசாகக் கொண்டுபோய் அவள் முன்னால் நிறுத்துகிறவரைக்கும் கிணத்தானுக்குச் சோறு தொண்டைக்கு மேலேதான்.

அன்று ராத்திரி மணலில் படுத்திருந்தபோது மாப்பிள்ளை வழக்கமான வேலையைக் காட்டினான். தூங்குகிற கிணத்தானின் போர்வை நுனியை ஒரு தடவை இழுத்தான். கிணத்தானின் கை தூக்கத்திலேயே போர்வையைப் பிடித்து ஒரு தடவை பதிலுக்கு இழுத்தது. கொட்டகையில் எல்லோரும் செய்து செய்து சிரித்த விளையாட்டு இது. கிணற்று வேலையில் கயிறுதான் வாய். ஆழத்தில் கத்தினால் குரல் சுவரில் மோதிக் குழம்பிவிடும், கேட்கிறவனுக்கு ஒரு எழவும் புரியாது. அதனால் மேலே நிற்பவன் ஒரு இழுப்பு இழுப்பான்: நல்லா இருக்கியா? கீழே இருப்பவன் ஒரு இழுப்பு திருப்பி இழுப்பான்: நல்லா இருக்கேன். மேலேயிருந்து இரண்டு இழுத்தால், வா. கீழேயிருந்து இரண்டு இழுத்தால், தூக்கு. கேட்ட கயிற்றுக்குப் பதில் வரவில்லை என்றால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். கயிற்றைப் பிடித்தவன் விடக்கூடாது, உள்ளே இறங்கவும் கூடாது. கெட்ட காற்றில் விழுந்த சித்தப்பாவைத் தூக்க அண்ணன் இறங்கி, அவனும் அங்கேயே சரிந்ததைக் கிணத்தான் மேலே நின்று கையால் உணர்ந்தவன். கண்ணால் பார்க்கவில்லை. கையால்தான். அதற்குப் பிறகு அவன் கிணற்றுப் பக்கம் போகவில்லை. ஆனால் தூக்கத்தில் கை போகாமல் இருக்கவில்லை.

மறுநாள் வெயில் உச்சிக்கு வந்த பிறகு மாப்பிள்ளை டார்ச் அம்மாவிடம் போய் நின்றான். அவை வெளியே வராவிட்டால் என்ன, நாம் உள்ளே போய்ப் பார்ப்போம் என்பது அவன் கணக்கு. பிறக்கப்போகிற பிள்ளைக்குக் காட்ட வீடியோ வேண்டுமாம். அந்த அம்மா இன்றைக்கு வாடகைக்கு இல்லை என்றாள். இவன் அக்கா அக்கா என்று குழைந்தான்.

"நேத்து மட்டும் இல்ல, முந்தாநாளும் வரல" என்றாள் அவள். "பட்டினியாத் தொங்குதுங்க. பசியை விடப் பெருசா ஏதாவது இருந்தாத்தான் ஒரு உசுரு அப்படிக் கிடக்கும்."

"எங்க மேஸ்திரி உள்ள போயிருப்பாருக்கா. அவரைப் பார்த்தா நாங்களும் அப்படித்தான், சோறு தண்ணி இல்லாமக் கிடப்போம்."

அவள் சிரிக்கவில்லை. இரண்டு டார்ச்சை எடுத்து மேசைமேல் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

குகைக்குப் போகும் வழியில் வேர்கள் படிக்கட்டு மாதிரிக் குறுக்கே ஓடின. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஏற ஏற வாடை வந்தது. முதலில் ஈரச் சாக்கு நாற்றம், அப்புறம் பழைய மூத்திர நாற்றம், கடைசியில் பெயின்ட் தின்னரை மோந்த மாதிரி மூக்குத்தண்டில் குத்தி உச்சந்தலைக்கு ஏறுகிற காரம். கூட்டம் கூட்டமாக வௌவால் இருக்கிற இடத்தின் வாடை. ஆனால் சத்தம் இல்லை. ஒரு கீச்சு இல்லை, ஒரு படபடப்பு இல்லை. சந்தைக்கூட்டம் நிற்கிற இடத்தில் வாடை மட்டும் இருந்து இரைச்சல் இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"எல்லாம் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு போல" என்று மாப்பிள்ளை குகை வாயில் நின்று டார்ச்சை மேலே அடித்தான்.

போகவில்லை. எல்லாம் இருந்தன.

ஓட்டலின் வரவேற்புக் கூடத்தைவிட உயரமான கூரை. அந்தக் கூரை முழுக்க, சுவர் பாதிவரைக்கும், இடைவெளி இல்லாமல் அப்பியிருந்தன. பகலில் வௌவால் தூங்கும் என்று கேள்வி. இவை தூங்கவில்லை. டார்ச் வெளிச்சம் போன இடமெல்லாம் கண்கள், குண்டூசித் தலை மாதிரி, சிவப்பாக. எல்லாம் திறந்திருந்தன. ஒன்றுகூட இறக்கையை அசைக்கவில்லை. வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று தெரிந்த பிள்ளைகள் போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பது மாதிரி என்று கிணத்தானுக்குத் தோன்றியது.

தரை முழுக்க எச்சம், மெத்தை மாதிரி, கணுக்கால்வரை உள்வாங்கியது. கூடத்தின் கடைசியில், வாசல் வெளிச்சம் போய்ச் சாகிற இடத்தில், சுவரின் அடியில் ஒரு பொந்து. மண்டிபோட்டுத் தவழ்ந்தால் ஒரு ஆள் போகலாம். அதற்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில், பாறை பிளந்து இன்னொரு வாய். அந்தப் பிளவை வௌவால்கள் மூடி அடைத்திருந்தன. பொந்துக்கு அந்தப் பக்கம்தான் பெரிய கூடம் என்று ஓட்டலில் சொல்லியிருந்தார்கள்.

கிணத்தான் வேண்டாம் என்றான். மாப்பிள்ளை, இத்தனை தூரம் வந்துவிட்டு வாசலில் நின்று திரும்பினால் வௌவாலே சிரிக்கும் என்றான். கிணத்தான் கிணற்று வழக்கப்படி லைட்டரைப் பற்றவைத்துப் பொந்துக்குள் நீட்டிப் பார்த்தான். கெட்ட காற்று இருந்தால் சுடர் சுருங்கிச் செத்துவிடும். சுடர் சாகவில்லை, நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் உள்பக்கமாகச் சாய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. மறுபடி உள்ளே. அவன் எத்தனையோ கிணற்றில் சுடர் பிடித்தவன், இப்படி ஆடி ஆடிச் சாய்ந்த சுடரைப் பார்த்ததில்லை.

"காத்து நல்லா இருக்குல்ல? அப்புறம் என்ன?" மாப்பிள்ளை பையைக் கழற்றிப் போட்டுவிட்டு இடுப்பைக் காட்டினான். "கட்டுங்க. உங்க கயிறு இன்னைக்காவது வேலை பாக்கட்டும். நீங்க இங்கயே பூசணிக்காய் மாதிரி உக்காந்திருங்க மச்சான், உங்க தங்கச்சிகிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கிணத்தான் கட்டினான். அங்கேதான் தப்பு நடந்தது என்று வேறு எவனாவது சொல்லலாம். அவனைப் பொறுத்தவரை கயிறு கட்டின ஆள் பத்திரமான ஆள். மறுமுனையைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துகொண்டு பொந்துக்கு எதிரே கால் ஊன்றி உட்கார்ந்தான். மாப்பிள்ளையின் உள்ளங்கால்கள் வெள்ளையாகத் தெரிந்தன, பிறகு தெரியவில்லை.

கயிறு ஓடியது. உள்ளங்கையை உரசிக்கொண்டு, நின்று, மறுபடி ஓடியது. அவன் ஒரு இழுப்பு இழுத்தான். வெடுக்கென்று பதில் வந்தது. மாப்பிள்ளையின் கை அப்படித்தான், டைல்ஸைத் தட்டுகிற கை, எதையும் வெடுக்கென்றுதான் செய்யும். கிணத்தானுக்கு மூச்சு இறங்கியது. தங்கச்சியிடம் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். மேலேயிருந்து எச்சம் சொட்டுகிற சத்தம்கூட இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை உயிர் தொங்குகிற இடத்தில் ஒரு சொட்டு விழவில்லை. அடக்கிக்கொண்டிருக்கின்றனவா?

டார்ச்சை மேலே தூக்கினான். உள்ளே வரும்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் எல்லாம் இப்போது ஒரே பக்கம் திரும்பியிருந்தன.

பொந்தைப் பார்த்து.

ஒரு இழுப்பு இழுத்தான். பதில் வரக் கொஞ்சம் நேரமானது. வந்தது. ஆனால் வெடுக்கென்று வரவில்லை. மெதுவாக, பதமாக, அவன் எவ்வளவு பலத்தில் இழுத்தானோ அதே பலத்தில் வந்தது. களைத்துவிட்டான் போல என்று நினைத்தான். நினைக்கத்தான் பார்த்தான். கை ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரிதோறும் போர்வையை இழுத்து விளையாடியவனின் இழுப்பு, கூடப் பிறந்தவனின் செருமல் மாதிரி, இருட்டிலும் தெரியும். இது அது இல்லை.

இரண்டு இழுத்தான். வா.

இரண்டு வந்தது. தூக்கு.

முழங்காலை ஊன்றி, முதுகை வளைத்து, கிணற்றிலிருந்து ஆளைத் தூக்குகிற இழுப்பு இழுத்தான். கயிறு விரைத்தது. ஒரு விரற்கடை வரவில்லை. எங்கேயோ பாறையில் மாட்டியிருந்தால் கயிறு நரநரவென்று உரசும். இது உரசவில்லை. பிடித்திருந்தது.

அவன் விட்டான். அங்கேயும் விட்டது.

மூன்று இழுத்துப் பார்த்தான். மூன்று இழுப்புக்குக் கிணற்று வேலையில் அர்த்தமே கிடையாது. மாப்பிள்ளைக்கு அது தெரியும். என்ன மச்சான் புதுசா என்று கேட்கிற மாதிரித் தாறுமாறாக ஆட்டியிருப்பான்.

மூன்று வந்தது.

இரண்டு விரலால் மட்டும் பிடித்து, எறும்பு ஊர்கிற மாதிரி லேசாக ஒன்று. அதே மாதிரி லேசாக ஒன்று வந்தது. நீளமாக ஒன்று. நீளமாக ஒன்று. நடுவில் நிறுத்தி, பிறகு தொடர்ந்து ஒன்று. அதுவும் நடுவில் நிறுத்தியது. சரியாக அதே இடத்தில் நிறுத்தியது.

படிக்கிறது.

பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று நாக்கு எழுந்தது. மேலே அத்தனை வாயும் மூடிக்கிடக்கிற இடத்தில் தன் வாயை மட்டும் திறக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. கயிற்றைப் பாறையில் கட்டிவிட்டு ஓடி ஆளைக் கூட்டிவரலாம். யாரை? கதவுக்கு முட்டுக் கொடுத்துப் படுத்தவளையா? கட்ட வேண்டுமானால் இடுப்பு முடிச்சை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கிற நேரத்தில் மாப்பிள்ளை இழுத்தால்? உள்ளே போகலாம். போகக்கூடாது. போன அண்ணன் வரவில்லை. போகாமல் நின்றதால்தான் இவன் இருக்கிறான். அன்றைக்கும் இப்படித்தான், பகல் வெளிச்சத்தில், எல்லாக் கை காலும் நன்றாக இருக்க, ஒன்றும் செய்ய முடியாமல் நின்றான். தங்கச்சி வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணில் வந்தது. எங்கண்ணே அவரு என்று கேட்பாள். கயிறு இந்தா என்று கொடுப்பதா?

லைட்டரைப் பற்றவைத்தான். மூன்றாவது தட்டில்தான் பற்றியது. சுடர் உள்ளே சாய்ந்தது. வெளியே சாய்ந்தது. உள்ளே. வெளியே. முன்பைவிட வேகமாக.

அணைத்தான்.

அப்போது மேலே ஏதோ அசைந்தது. அந்தக் குகைக்குள் வந்ததிலிருந்து அவன் பார்த்த முதல் அசைவு. பொந்துக்கு மேலே, பாறைப் பிளவில், அடைத்துத் தொங்கிய வௌவால்களுக்கு நடுவில். டார்ச்சை மெல்லத் தூக்கினான். சிவப்புக் கண்கள். சிவப்புக் கண்கள். அவற்றுக்கு நடுவில் வெள்ளையாக இரண்டு.

மாப்பிள்ளை.

பிளவுக்குள் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு ஒடுங்கியிருந்தான். அந்தப் பக்கத்திலிருந்து பாறையைப் பற்றி ஏறியிருக்க வேண்டும், விரல் நுனியெல்லாம் ரத்தம். தலையிலும் தோளிலும் வௌவால்கள் தொற்றியிருந்தன, அவன் தட்டிவிடவில்லை. தன் வாயைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான். உயிரோடுதான் இருந்தான். முழுசாகத்தான் இருந்தான். கிணத்தானுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அட பாவி, அங்கே என்னடா பண்ணுகிறாய், குதிடா, நான் பிடித்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டப் போனவன் நின்றான்.

மாப்பிள்ளையின் இடுப்பில் கயிறு இல்லை.

கயிறு பொந்துக்குள் போயிருந்தது. விரைப்பாக இருந்தது.

எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கிற அந்த முகம் மேலேயிருந்து இவனையே பார்த்தது. பார்த்துக்கொண்டே தலையை ஆட்டியது. மிக மெதுவாக, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வேண்டாம். எது வேண்டாம் என்று கிணத்தானுக்குப் புரியவில்லை.

ஒரு இழுப்பு வந்தது.

இவன் இழுக்காமல், தானாக, உள்ளேயிருந்து ஒரே ஒரு இழுப்பு. கிணற்றில் அதை இழுக்கிறவன் மேலே நிற்பவன். நல்லா இருக்கியா?

புரிந்தது. மாப்பிள்ளையின் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வேண்டாம். பதில் சொல்லாதே. பதில் இல்லை என்றால் ஆள் இல்லை. கயிற்றைத் தரையில் கிடக்கிற கயிறாக விட்டுவிடு. கிணத்தான் மூச்சைப் பிடித்தான். கையை அசைக்கவில்லை. கூரையில் அத்தனையும் அசையவில்லை. வாசல் பக்கம் வெயில் தெரிந்தது, ஓர் இலை ஆடியது, கடல் சத்தம் எங்கேயோ கேட்டது. அவ்வளவு பக்கத்தில். முதுகுத்தண்டில் வியர்வை ஒரு கோடாக இறங்கி இடுப்புக் கயிற்றில் நின்றது.

கயிறும் அசையவில்லை. நெடுநேரம்.

போய்விட்டதோ என்று தோள் கொஞ்சம் தளர்ந்தது.

ஒரு இழுப்பு.

சின்ன இழுப்பு. போர்வை நுனியை இழுக்கிற மாதிரி.

அவன் ஒன்றும் செய்யவில்லை. அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. நான் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டே குனிந்து பார்த்தான். வலது கை கயிற்றைப் பிடித்திருந்தது. பிடித்து, பதமாக, ஒரு தடவை இழுத்து முடித்திருந்தது.

நல்லா இருக்கேன்.

மேலே மாப்பிள்ளையின் தலை ஆடுவது நின்றது.

கயிறு தொய்ந்தது. அத்தனை நேரம் விரைத்திருந்தது, அப்படியே மடங்கி எச்சத்தின்மேல் விழுந்தது. இதற்கும் ஒரு அர்த்தம் உண்டு. கிணத்தானுக்குத் தெரியாத அர்த்தமா? இழுக்காமல் கயிறு தொய்ந்தால் கீழே இருப்பவன் தானே ஏறி வருகிறான் என்று அர்த்தம்.

விரல்கள் இடுப்பு முடிச்சுக்குப் போயின. வியர்வையில் ஊறி இறுகியிருந்தது முடிச்சு. அவன் போட்ட முடிச்சு. ஆள் எடையே தொங்கினாலும் அவிழாத முடிச்சு. பொந்தின் வாயில் கயிறு ஒரு வளையம் வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. அதன்மேல் இன்னொரு வளையம். இன்னொன்று. காலுக்கு முன்னால் குவிந்தது. சத்தமில்லை. தவழ்கிற சத்தமில்லை, மூச்சுச் சத்தமில்லை. கயிறு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

டார்ச் அவன் கையிலிருந்து நழுவி எச்சத்தில் பாதி புதைந்து கூரையைப் பார்த்து எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவன் பார்த்தான். பொந்துக்குப் பக்கத்தில் தொங்கியவை முதலில். அப்புறம் அதற்கு அடுத்தவை. அப்புறம் நடுக்கூரை. காற்றடித்து விளக்குகள் வரிசையாக அணைகிற மாதிரி, வௌவால்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு வந்தன.

வெள்ளைக் கண்கள் இரண்டு மட்டும் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தன.

பிறகு மாப்பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டான்.